எச்சரிக்கை: ஒக்கிப் புயலும் கிறித்தவச் சிந்தனை உரையின் தமிழும்

கிறித்தவத் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் விவிலிய மொழிபெயர்ப்புகளோடு நின்றுவிடுகின்றன. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சிட்ட புதிய ஏற்பாடு தொடங்கி, பப்ரிசியுஸ், இரேனியுஸ் ஆகியோரின் பெயர்ப்புகள், பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பு ஆகியவற்றின் வழியே, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு வரை, பராபரன் எங்கே தேவன் ஆனார், தேவன் எங்கே கடவுள் ஆனார் என்பன போன்ற வினாக்கள் விரிவாகவே ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அம்மொழிபெயர்ப்புகளை வாரந்தோறும் கையிலெடுத்து, நாட்டு நடப்போடும் வீட்டு வாழ்வோடும் பொருத்திக் கூறும் ஓர் உரைவகை உண்டு. கத்தோலிக்கர் அதனை மறையுரை என்பர். சீர்திருத்தச் சபையார் பிரசங்கம் அல்லது தேவசெய்தி என்பர். எழுத்து வடிவில் வரும்போது அது தியானம் என்றோ சிந்தனை என்றோ பெயர் பெறுகிறது. இவை அனைத்தையும் இங்குச் சிந்தனை உரை என்னும் பொதுப்பெயரால் சுட்டலாம். விவிலியத்தைக் கையில் எடுத்துப் படிப்போரைக் காட்டிலும் இவ்வுரைகளைக் கேட்போர் பன்மடங்கினர். எனினும் மொழியியலார் இதனைப் பொருட்படுத்தியது குறைவு. இதனை மொழிநடை நோக்கில் திறனாய்வு செய்ய முற்படுகிறது இக்கட்டுரை. எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி, 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல். எடுத்துக்கொள்ளும் சொல், எச்சரிக்கை.

அவ்வாண்டு டிசம்பரில் திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலும் இக்கட்டுரையாளர் கேட்டும் படித்தும் அறிந்த உரைகளே இதற்கு அடிப்படை. தனியொருவரின் நடையைக் குறைகூறுவது நோக்கமன்று ஆதலின் பெயர்கள் சுட்டப்படவில்லை. கீழே மேற்கோள் குறிக்குள் வரும் வாக்கியங்கள் அமைப்பைக் காட்டும்பொருட்டு நாமே கட்டியவை.

நிகழ்ச்சியை முதலில் நினைவுகூர்தல் நன்று. 2017 நவம்பர் 29 அன்று இலங்கையையொட்டித் தாழ்வழுத்த மண்டலமாக உருவான காற்று, மறுநாள் காலை புயலாக வலுப்பெற்றுக் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து இலட்சத்தீவை நோக்கிச் சென்றது. ஒக்கி என்பது வங்காளதேசம் வழங்கிய பெயர். வங்கமொழியில் அதற்குக் 'கண்' என்று பொருள், வடமொழி அக்ஷி என்பதன் திரிபு. புயல் என்னும் சொல் அறிவிப்பில் இடம்பெறும் முன்பே கரைக்கடல் படகுகள் பல புறப்பட்டுவிட்டன; ஆழ்கடலில் பல நாள் தங்கிச் சுறாவுக்குத் தூண்டில் இடுவோரோ முந்தைய வாரங்களிலேயே சென்றிருந்தனர். அவர்களை எட்டும் தகவல் தொடர்பு எதுவும் இல்லை. பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கேரளக் கரையூர்களிலும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய தமிழகக் கரையூர்களிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது திரும்பவில்லை. இவ்வூர்களுள் பின்னவை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தவை. மாநில எல்லை மாறிய பின்னும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கீழேயே தொடர்பவை. அரசியல் எல்லை இரண்டாகப் பிரித்த கரையை மறைமாவட்ட எல்லை ஒன்றாகவே வைத்திருக்கிறது. மொழியும் அப்படித்தான், தமிழும் மலையாளமும் ஒரே நாவில் புழங்கும் இடம் அது.

புயலுக்குப் பின் வந்த முதல் ஞாயிறு டிசம்பர் 3. அது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கத்தோலிக்க வாசக ஒழுங்கின் இரண்டாம் ஆண்டுச் சுழற்சி அன்று தொடங்கிற்று. அந்நாளுக்கு விதிக்கப்பட்ட நற்செய்தி மாற்கு 13:33-37. தலைவன் வரும் வேளை தெரியாது, ஆதலால் உறங்காதிருங்கள் என்னும் பகுதி அது. வாசகத்தை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை; உலகெங்கும் அதே வாசகம்தான். ஆனால் இக்கரையில் நான்காம் இரவாகக் கண்ணுறங்காதிருந்தோர் முன்னிலையில் அது படிக்கப்பட்டது.

மூலத்தில் இப்பகுதி இரண்டு கிரேக்க வினைகளைக் கொண்டது. ஒன்று 'அக்ருப்னெயோ', தூக்கமின்றி இருத்தல். மற்றொன்று 'கிரேகொரெயோ', எழுந்து விழித்த நிலையில் இருத்தல். இரண்டும் உடலின் நிலையைக் குறிப்பவை. அதன்மேல்தான் ஆன்மிகப் பொருள் ஏற்றப்படுகிறது. 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'விழித்திரு' என்று பெயர்த்தது. வினையெச்சமும் துணைவினையும் சேர்ந்த இவ்வமைப்பு, முடிந்த ஒரு செயலின் நிலை நீடிப்பதைக் காட்டுவது. நின்றிரு, காத்திரு என்பவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. இரவும் கண்ணும் இதில் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு 'விழிப்பாயிரு' என்று மாற்றியது. விழிப்பு என்னும் தொழிற்பெயர் 'ஆய்' ஏற்று வினையடையாகிறது; கண் மறைந்து பண்பு எஞ்சுகிறது. இன்றைய தமிழில் விழிப்பு என்றவுடன் நினைவுக்கு வருவது விழிப்புணர்வு, அதாவது அரசு சுவரொட்டியின் சொல். நடுப்பகலில் அலுவலகத்தில் அமர்ந்தும் ஒருவர் விழிப்பாயிருக்கலாம். விழித்திருக்க இரவு வேண்டும். பொது மொழிபெயர்ப்பின் எளிமையையும் ஒழுங்கையும் பெரிதும் மதிப்பவன் நான். எனினும் இவ்விடத்தில் பழைய பதிப்பே மூலத்துக்கும் கரைக்கும் அருகில் நிற்கிறது.

இதே இடத்தில் மூலத்தின் முதற்சொல் 'பிளெபெதெ', பாருங்கள் என்பது. இதனைப் பொது மொழிபெயர்ப்பு 'கவனமாயிருங்கள்' என்றும், 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'எச்சரிக்கையாயிருங்கள்' என்றும் பெயர்த்துள்ளன. நம் சொல் இங்கே வந்து சேர்கிறது. கத்தோலிக்க வாசகத்தில் அச்சொல் இல்லாவிடினும், அந்த வாரங்களில் எல்லாச் சபையினரின் சிந்தனை உரைகளிலும் அதுவே முதன்மை பெற்றது. காரணம் தெளிவு. செய்தித்தாள்கள் முழுவதும் அச்சொல்தான். எச்சரிக்கை எப்போது விடுக்கப்பட்டது, யாருக்கு விடுக்கப்பட்டது, எவ்வடிவில் விடுக்கப்பட்டது என்பதே மாநில அரசுக்கும் மைய அரசுத் துறைகளுக்கும் இடையே நிகழ்ந்த வாதம். விவிலியத்துக்கும் செய்திக்கும் பொதுவான ஒரு சொல் கிடைப்பது சிந்தனை உரை எழுதுவோருக்குப் பெரும் வசதி. ஆனால் அந்த வசதியில்தான் இடர்ப்பாடு மறைந்திருந்தது.

எச்சரிக்கை என்னும் வடிவம் தற்காலத் தமிழில் இரு வேறு வேற்றுமைச் சட்டகங்களில் வருகிறது. ஃபில்மோர் 1968இல் முன்வைத்த நோக்கில் கூறினால், 'எச்சரிக்கையாய் இரு' என்பதில் பங்கேற்பாளர் ஒருவரே: அந்நிலையில் இருப்பவர். 'எச்சரிக்கை விடு' என்பதிலோ மூவிடம் உண்டு: விடுப்பவர், நான்காம் வேற்றுமை ஏற்றுப் பெறுபவர், எதைப் பற்றிய எச்சரிக்கையோ அந்த இடர். முன்னது ஒருவரின் பண்பு. பின்னது இருவருக்கிடையே நிகழும் செயல். முன்னதில் தவறு நேர்ந்தால் பொறுப்பு அவருடையது. பின்னதில் தவறு நேர்ந்தால் விடுத்தவரா, இடைவழியா, பெற்றவரா என்று கேட்க இடமுண்டு.

சிந்தனை உரைகளில் நிகழ்ந்தது இரண்டாம் சட்டகத்திலிருந்து முதற்சட்டகத்துக்கு ஓசையின்றி வழுக்கிச் செல்லுதல். அதன் அமைப்பு இவ்வாறு: "புயல் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. நம் வாழ்விலும் புயல் எந்நேரமும் வரலாம். ஆகவே எச்சரிக்கையாய் இருப்போம்." முதல் வாக்கியத்தில் விடுப்பவர் ஏற்கெனவே விழுந்துவிட்டார், 'கிடைக்கவில்லை' என்னும் வினை கொடுப்பவரைக் கேட்பதில்லை. இரண்டாம் வாக்கியத்தில் புயல் உருவகமாகிறது. மூன்றாம் வாக்கியத்தில் எச்சரிக்கை, கிடைக்கவேண்டிய பொருளாக இல்லாமல் நம்மிடம் இருக்கவேண்டிய குணமாகிவிடுகிறது. மூன்று வாக்கியங்களும் தனித்தனியே பிழையற்றவை. அவை அடுத்தடுத்து நிற்கும்போது, எச்சரிக்கை பெறாதவர் எச்சரிக்கையாய் இராதவர் ஆகிறார். இதனை எந்த உரையாளரும் எண்ணிச் சொன்னதில்லை என்பது உறுதி. சொல்லியிருந்தால் நாவே கூசியிருக்கும். சொல்லாமலே சொல்லும் வேலையை இலக்கணம் செய்துகொண்டது.

'எச்சரிப்பு' என்னும் சபை வழக்கையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சீர்திருத்தச் சபைகளின் தமிழில் பேரழிவு நிகழ்ந்தபோதெல்லாம் அது கடவுளின் எச்சரிப்பு என்று கூறும் மரபுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் வந்தபோதும் இது கேட்கப்பட்டது. இதில் மூவிடச் சட்டகம் கெடாமல் இருக்கிறது. ஆனால் விடுப்பவர் கடவுள், பெறுபவர் கேட்டுக்கொண்டிருக்கும் நாம். இறந்தவர்கள் எச்சரிக்கையைப் பெற்றவர்களல்லர், எச்சரிக்கையின் கருவி. மூன்றாம் வேற்றுமையில் வைக்கப்பட்டவர்கள். இறையியலார் இதுபற்றி என்ன கூறுவரோ அறியேன்; மொழியியலாருக்கு இது போதிய அளவு அச்சமூட்டுவது.

இச்சொல்லின் வரலாறு வேறு கதை கூறுகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ள எச்சரிக முதலிய வடிவங்களோடு தொடர்புடைய இது, அரசர் எழுந்தருளும்போது கட்டியங்காரர் முன்சென்று கூவும் சொல். இசையிலும் 'எச்சரிக்கை' ஒரு பாடல்வகை. தியாகராசரின் யதுகுலகாம்போதிக் கீர்த்தனை ஒன்று இச்சொல்லோடுதான் தொடங்குகிறது, இராமனைப் பார்த்து மெல்ல அடியெடுத்து வருமாறு வேண்டுவது. ஆக, எச்சரிக்கை என்பது தொடக்கத்தில் வலியவரின் காலடிக்காக எளியவர் எழுப்பிய குரல். திசை தலைகீழானது பிற்காலத்தில்.

மலையாளத்தோடு ஒப்பிட்டால் இச்சிக்கல் தமிழுக்கே உரியது என்பது விளங்கும். மலையாளத்தில் அரசு விடுப்பது 'முன்னறியிப்பு'. மனிதரிடம் இருக்கவேண்டியது 'ஜாக்ரத'. இரவில் தூங்காதிருத்தல் 'உணர்ந்நிரிக்குக'. மூன்றுக்கும் மூன்று சொல். 'அறியிக்குக' பிறவினை ஆதலின், முன்னறியிப்பு என்றாலே அறியச் செய்பவர் ஒருவர் உண்டு என்பது சொல்லமைப்பிலேயே பதிந்துள்ளது. பூந்துறையில் மலையாளத்தில் உரையாற்றுபவர் முன்னறியிப்பிலிருந்து ஜாக்ரதைக்குத் தாவவேண்டுமாயின் சொல்லை மாற்றியாக வேண்டும். தாவல் செவிக்குத் தெரியும். சில கிலோமீட்டர் தெற்கே தமிழில் உரையாற்றுபவருக்கு அத்தடை இல்லை. தமிழில் 'முன்னறிவிப்பு' உண்டெனினும் அது வானிலையைப் பொறுத்தவரை வருவதுரைத்தலாகவும், சபைத் தமிழில் இறைவாக்கினரின் முன்னுரைத்தலாகவும் பங்கிடப்பட்டுவிட்டது. ஒரே கரை, ஒரே புயல், ஒரே வாசகம். இரு மொழிகளின் சொற்பகுப்பு வேறுபட்டமையால் உரையின் அறநிலையும் வேறுபட வாய்ப்புண்டு. ஒப்பீட்டு மொழியியலுக்கு இதனினும் சிறந்த களம் கிடைப்பது அரிது.

விவிலியத்தில் மூவிடச் சட்டகம் இல்லாமலில்லை. எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தின் தொடக்கப்பகுதி அதுவே. காவலாளி வாள் வருவதைக் காண்கிறான். எக்காளம் ஊதி மக்களை எச்சரித்தும் அவர்கள் கேளாவிடில் பொறுப்பு அவர்களுடையது. ஊதாமல் விட்டால் மாண்டவரின் இரத்தப்பழி காவலாளியின் கையில் கேட்கப்படும். விடுப்பவர், பெறுபவர், இடர், ஊடகம் என நான்கும் பிரித்துக் காட்டப்பட்ட பகுதி இதனைப்போல் வேறில்லை. நான் கேட்டவற்றுள் ஓரிரு உரைகளே இதனை எடுத்தாண்டன. அவை மற்றவற்றினும் உயர்ந்து நின்றன. விதிக்கப்பட்ட வாசகத்தை விட்டு விலக இயலாதே எனக் கேட்கலாம். விலகவும் தேவையில்லை. மாற்கு 13:34இலேயே பயணம் போகும் தலைவன் ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பணியை ஒதுக்கி, விழித்திருக்கும் பணியை வாயிற்காவலனிடம் தனியே ஒப்படைக்கிறான். இறுதி வசனம் அக்கட்டளையை எல்லார்க்கும் விரிக்கிறது என்பது மெய்யே. ஆயினும் சிந்தனை உரைகள் அந்த விரிவை மட்டும் எடுத்துக்கொண்டு வாயிற்காவலனை அடியோடு மறந்தன.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதனை எழுதும்போது தும்பா நினைவுக்கு வராமற் போகாது. அக்கடற்கரையின் புனித மரிய மதலேனாள் ஆலயம் விண்வெளி ஆய்வுக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது; 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி அங்கிருந்து எழுந்தது; ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். மேல்வளி மண்டலத்தை அறியும் பணிக்குத் தன் கோயிலையே கொடுத்த மீனவர் கரை, வானத்திலிருந்து ஒரு சொல்லை எதிர்பார்க்க உரிமையற்றதன்று.

நடப்பு நிகழ்ச்சியைப் பற்றி இயேசுவே பேசிய இடம் ஒன்று உண்டு: லூக்கா 13:1-5. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி. சிந்தனை உரை என்னும் வகைக்கே இதனை மூல மாதிரியாகக் கொள்ளலாம். அவர் முதலில் செய்வது, இறந்தோர் மற்றவரினும் மிகுந்த குற்றமுடையவர் என்னும் முடிவைத் தகர்ப்பது. அதன்பின் வரும் கண்டிப்பு கடுமையானதே; ஆனால் அது 'நீங்கள்' என்று முன்னிலையை நோக்கிச் செல்கிறது, 'அவர்கள்' என்னும் படர்க்கையைத் தொடுவதில்லை. மேலும் இங்குக் குற்றமுடையவர் என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் கடன்பட்டவர் என்பது. தமிழில் இவ்விடத்தில் அது குற்றவாளிகள் என்றே வருகிறது. இயேசு கற்பித்த மன்றாட்டில் 1871ஆம் ஆண்டுப் பதிப்பு அதே வேரை 'கடன்' என்று பெயர்த்துள்ளமையால் சொல் கைவசம் இல்லாமலில்லை. படகுக்கும் வலைக்கும் எரிபொருளுக்கும் கடன்பட்டே கடலேறும் ஊர்களில் இச்சொல் வேறுவிதமாக ஒலித்திருக்கும்.

இனி, காற்றடக்கிய நிகழ்ச்சி. புயல் என்றதும் எல்லா உரைகளும் மாற்கு 4ஆம் அதிகாரத்துக்குச் சென்றது இயல்பே. கலிலேயக் கடல் என வழங்குவது ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி. லூக்கா அதனை ஏரி என்றே எழுதுகிறார்; பழைய பதிப்பு அங்கும் கடல் என்று பெயர்க்க, பொது மொழிபெயர்ப்பு ஏரி எனத் திருத்தியது. திருத்தம் சரியானது. அக்கரைக்குப் போதல் என்பது ஏரியில்தான் பொருள்படும். அரபிக்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்பவருக்கு அக்கரை என்று ஒன்றில்லை. போன கரைக்கே திரும்புதல்தான் உண்டு. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயர் சொல்லி அறிந்தோரிடம் 'வாழ்க்கைப் படகு', 'துன்பப் புயல்' என்னும் உருவகத் தொகைகள் எடுபடுவதில்லை. உருவகத்தின் ஊர்தியே அவர்களுக்குப் பொருளாக இருக்கும்போது உருவகம் நடப்பதெங்ஙனம்?

இப்பகுதியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் ஒரு தேர்வு உண்டு. சீடர்கள், நாம் அழிகிறோமே, கவலையில்லையா என்று கேட்கின்றனர். கிரேக்கத்தில் உளப்படுத்தும் பன்மை, உளப்படுத்தாப் பன்மை என்னும் வேறுபாடு இல்லை. தமிழ் தேர்ந்தாக வேண்டும். 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'நாங்கள்' என்றது. அதாவது அழிபவரில் இயேசு சேர்க்கப்படவில்லை. பொது மொழிபெயர்ப்பு பெயரை விட்டுவிட்டு வினைமுற்றாலேயே முடித்துத் தப்பித்துக்கொண்டது. எழுவாய் வெளிப்படாத தன்மைப் பன்மை வினை இரண்டுக்கும் இடந்தருவது தமிழின் நல்லூழ். உறங்குபவரும் அதே படகில்தான் இருக்கிறார் என்பதை அவர்கள் மறந்தார்களா, மறக்கவில்லையா என்பது வாசகருக்கு விடப்படுகிறது. சிந்தனை உரைகளோ எவ்வித ஐயமுமின்றி 'நாம்' என்கின்றன. கரையிலிருந்து வெகுதொலைவில், கூரையின்கீழ், எவரையும் கடலுக்கு அனுப்பாதவர் கூறும் 'நாம்' அது. சேர்த்துக்கொள்ளும் இலக்கணம் எப்போதும் அன்பின் இலக்கணமன்று; சில வேளைகளில் 'நீங்கள்' என்பதே கூடுதல் மரியாதை.

இறுதியாக ஒரு சொல்: காணாமற்போனவர். சட்டத்தின்படி காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு காத்திருக்க வேண்டும். ஒக்கியில் சிக்கியோர் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கும்பொருட்டு இவ்வரம்பு தளர்த்தப்பட்டது. விவிலியத் தமிழிலும் இச்சொல் பழையது. லூக்கா 15இல் காணாமற்போன ஆடும் காணாமற்போன காசும் உண்டு. 'காணாமற்போ' என்பது தன்வினை, செய்வோர் எவருமில்லை. ஆனால் லூக்காவில் அச்சொல்லுக்கு இணையாக உடனே 'தேடு' என்னும் வினையும் தேடுபவர் ஒருவரும் வந்துவிடுகின்றனர். தொண்ணூற்றொன்பதை விட்டுப் போகிறவர், விளக்கேற்றி வீட்டைப் பெருக்குகிறவர். அந்த வாரங்களில் தேடல் போதவில்லை என்று கரையூர்கள் குமுறின. மீனவர்கள் தாங்களே படகெடுத்துத் தேடிச் சென்றனர். திவ்யபாரதி 2018இல் வெளியிட்ட ஆவணப்படத்தின் தலைப்பு 'ஒருத்தரும் வரேல' என்பது. எழுத்துத் தமிழில் 'ஒருவரும் வரவில்லை' என்றாகும் இவ்வாக்கியத்தில் எழுவாய் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்மறையாகவேனும் எழுவாய் தன் இடத்தில் நிற்கிறது. வரவேண்டியவர் சிலர் இருந்தனர் என்பது முன்கொள்ளப்படுகிறது. 'எச்சரிக்கை கிடைக்கவில்லை', 'உதவி சென்றடையவில்லை' என்னும் செம்மையான வாக்கியங்களில் அவ்விடம் வெற்றாகவே உள்ளது.